கண்ணாடியக்கா போட்ட பத்து

மன்னிப்பு என்பது கண்ணாடியக்காவிடம் கிடைக்காத சரக்கு. மூன்றாம் வகுப்பில் தன் பென்சிலை ஒடித்துப் போட்டவளை நாற்பத்துமூன்று வயதில் பேருந்தில் பார்த்தபோது, நலம் விசாரிப்பதற்கு முன்னால் பென்சிலைத்தான் விசாரித்தாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. இறங்கும்போதுகூட, "பச்சை பென்சில்" என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

பெயர் வந்தது தொழிலால். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவள் அவள். இருபத்தொரு வருட வேலை. முன்னறையில் கண் பரிசோதிக்கிறவர் நாள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார், அவர் எழுதுகிற சீட்டு ஒரு தட்டில் பிரேமோடு பின்னறைக்கு வரும், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் கல்லில் அக்கா லென்ஸின் விளிம்பைத் தேய்த்து பிரேமுக்குள் உட்காரவைப்பாள். சாய்வு இரண்டு பாகை தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. அவள் தேய்த்த கண்ணாடியால் தலைவலி என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அவள் பேச்சால் வந்திருக்கலாம், அது வேறு கணக்கு.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது கண்ணாடி இல்லை, அட்டை. 'ஏழு கோட்டை' என்ற சீட்டாட்டம். ராஜா ராணி சீட்டில்லை. மாயமும் மந்திரமும் வாளும் வேலும் உள்ள ஆட்டம். ஆளுக்கொரு கோட்டை, கோட்டைக்கு முப்பது கல். மேசையில் ஒரு நாயக அட்டையை வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது கையிலுள்ள வீரர் அட்டைகளை இறக்கி, எதிராளியின் கற்களைப் பெயர்க்க வேண்டும். கல் தீர்ந்தவர் தோற்றார். வருடத்துக்கொரு முறை கம்பெனி புது செட் வெளியிடும். அதில் பன்னிரண்டு புது நாயகர்கள் வருவார்கள். எவன் உண்மையில் வீரன், எவன் வெறும் மீசை என்பது பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் அக்கா.

அவள் மதிப்பிடும் முறை கண் பரிசோதனையிலிருந்து வந்தது. அட்டைகளை இரண்டிரண்டாக வைத்து, ஒவ்வொன்றோடும் இருபது ஆட்டம் ஆடி, 'இது தெளிவா, அது தெளிவா' என்று தனக்குத்தானே கேட்டுக் கழித்துக்கொண்டே போவாள். இன்னொரு பழக்கமும் உண்டு. தடித்த காகிதத்தில் ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தாள். அதை அட்டைமேல் வைத்தால் படமும் பெயரும் மறைந்துவிடும், கீழேயுள்ள விதி மட்டும் தெரியும். "மூஞ்சியைப் பாத்து மார்க் போட்டா அது மார்க் இல்ல, மயக்கம்" என்பாள்.

முடிவில் ஒரு தாளில் பன்னிரண்டு மதிப்பெண்களை எழுதி அட்டைக் கடையின் சுவரில் ஒட்டுவாள். ஆட்டக்காரர்கள் அதைப் படமெடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். தாளின் அடியில் ஒவ்வொரு வருடமும் ஒரே வரி இருக்கும்: 'பத்து என்பது அச்சடித்திருக்கவே கூடாத அட்டைக்கு.' எதிராளியை ஆடவே விடாத அட்டை ஆட்டத்தைக் கொன்றுவிடும் என்பது அவள் கட்சி. பதினான்கு வருடத்தில் யாருக்கும் அவள் பத்து போட்டதில்லை. ஒன்பதே இரண்டு பேருக்குத்தான்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே பல் கூசுகிறது.

அவர் மாப்பிள்ளையாவதற்கு முன்னால் 'தம்பி'யாக இருந்தார். அட்டைக் கடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவர். ஆட்டம் அவருக்கு நன்றாகவே வரும், அதை மறைப்பானேன். அக்கா, அக்கா என்று உயிரை விடுவார். அந்த நாட்களில் அக்கா ஒரு நோட்டில் சொந்தமாக நாயகர்களை எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு இருவருமாக அனுப்புவோம் என்று பேச்சு. "ஒரு தடவை நிதானமா படிச்சுட்டுத் தரேன்க்கா" என்று தம்பி நோட்டை வாங்கிப் போனார். எட்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். இரண்டே மாதத்தில் கம்பெனியில் அட்டை வடிவமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. எதைக் காட்டி வாங்கினார் என்று கேட்டதற்கு, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றார். நோட்டைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்த அன்று கதவைத் திறந்தவள் தங்கை. அதற்கடுத்த வருடம் அவர் மாப்பிள்ளை.

அக்கா ஒரு முறை அம்மாவிடம் வாய் திறந்தாள். "எல்லாம் காகிதம்டீ. அட்டைக்காகவா கூடப்பொறந்தவளோட சண்டை போடுவ?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கையில் ஆதாரமும் இல்லை. வீட்டுக்கு வந்தால் "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து வருடமாகச் சொன்னாள். அவருடைய கண்ணாடியையும் அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள்.

இந்த வருடப் புது செட்டின் பெயர் 'சாம்பல் வாசல்'. மதிப்பிடுவதற்காகக் கம்பெனி மூன்று வாரம் முன்னதாகவே அக்காவுக்கு ஒரு பெட்டி அனுப்பியது. சமையலறை மேசையைத் துடைத்து, ஜன்னல் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஆறு பேரும் சுமார். ஏழாவது அட்டைமேல் ஜன்னலை வைத்து விதியைப் படித்தாள்.

'களத்திலிருந்து உன் வீரன் ஒருவன் உன் கைக்குத் திரும்பும்போதெல்லாம், கையிலிருந்து ஒரு வீரனைச் செலவின்றி இறக்கலாம்.'

படித்ததும் முதுகு நிமிர்ந்தது. இது அவள் எழுதியது. ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. எழுந்துபோய் இரும்பு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். பதினாறாம் பக்கத்தில் இருந்தாள் சாவிக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், ஒரு கால் சற்று இழுக்கும், இடுப்பில் சாவிக்கொத்து, கோட்டைக் கதவைத் திறந்து வீரர்களைப் போகவும் வரவும் விடுகிற வேலைக்காரி. நோட்டிலிருந்த எல்லோரிலும் அக்காவுக்குப் பிடித்தவள் அவள்தான். பெற்றிருந்தால் இப்படி ஒருத்தியைப் பெற்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்வாள், வயதுக் கணக்கு உதைத்தாலும்.

ஜன்னலை விலக்கினாள். 'அந்திவாசல் அரசி' என்றிருந்தது. இருபது வயது, கிரீடம், ஒரு பிடி இடுப்பு, காற்றில் பறக்கும் கூந்தல். சாவி ஒன்றுகூட இல்லை. கீழே, எறும்பு எழுத்தில் மாப்பிள்ளையின் பெயர்.

"அடப்பாவி" என்றாள் அக்கா. "கிழவிக்குக் கிரீடமா வெச்ச?"

அப்புறம்தான் நோட்டை மறுபடி பார்த்தாள். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

பதினாறாம் பக்கத்தில் அந்த விதிக்குக் கீழே, சிவப்பு மையில், தேதி போட்டு, ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'ஒரு முறைக்கு ஒரே தடவை மட்டும்.' நோட்டு திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து எழுதியது. மாப்பிள்ளை எடுத்த பிரதியில் அது இருக்க வழியில்லை.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? முதல் செட்டில் வந்த 'படகோட்டி' என்ற ஓர் அட்டை எல்லோர் வீட்டிலும் பழைய டப்பாவில் கிடக்கும். அவன் களமிறங்கினால் இன்னொரு வீரனைக் கைக்குத் திருப்பிவிட்டு, எதிரியின் கோட்டையில் ஒரு கல்லைப் பெயர்ப்பான். படகோட்டிகள் இரண்டு பேர் இருந்தால் முடிந்தது கதை. ஒருவன் இறங்க மற்றவன் கைக்குப் போவான். அரசி அவனைச் செலவில்லாமல் இறக்குவாள். அவன் இறங்க இவன் போவான். சுற்றுக்கு ஒரு கல். முப்பது கல்லும் தீரும்வரை எதிராளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கம்பெனியில் கடைசி மூன்று செட்டுகளோடு மட்டுமே ஆடிப் பார்ப்பார்கள். படகோட்டியை யார் நினைத்தார்கள்?

அக்காவின் முன்னால் மூன்று வழி இருந்தது. இப்போதே கம்பெனிக்குச் சொல்லலாம். விடுபட்ட வரியைச் சேர்த்து அச்சடிப்பார்கள், சாவிக்காரி பல வருடம் வாழ்வாள், மாப்பிள்ளை அவளைக் காட்டியே பெரிய ஆளாவார். மூன்று மார்க் போட்டு ஒதுக்கலாம். அது பொய், தன் தாளில் பொய் எழுத அவளுக்குக் கை வராது. இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி பத்து போடலாம். பத்து போட்டு, எல்லோர் எதிரிலும் ஆடிக் காட்டினால் மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும். ஆனால் அதன் பிறகு கம்பெனி அந்த அட்டையைத் தடை செய்யும். ஆயிரக்கணக்கான மேசைகளில் உட்கார்ந்திருக்க வேண்டிய சாவிக்காரி, யாரும் தொடாத குப்பையாவாள்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கல்லைச் சுற்றினாள். ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து வீணாக்கினாள். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதையும் மாப்பிள்ளை கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் தங்கை போன் செய்தாள்.

"என்னக்கா, சாப்டியா?"

"ஆச்சு. விஷயத்தச் சொல்லு."

"விஷயம் இருந்தாத்தான் கூப்பிடணுமா?"

"விஷயம் இல்லாம நீ கூப்பிட்டு மூணு வருஷம் ஆச்சு."

தங்கை கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் இழுத்து, பிறகு விஷயத்துக்கு வந்தாள். "புது செட்ல அவரோட ஹீரோ ஒண்ணு வருது. இதுதான் அவருக்கு முதல் ஹீரோ. இது மட்டும் நல்லா போச்சுன்னா தலைமைப் பொறுப்பே குடுத்துடுவாங்களாம். உன் தாளத்தான் கம்பெனியில எல்லாரும் எதிர்பாத்துட்டு இருக்காங்க. கொஞ்சம் பாத்து போடுக்கா. நம்ம வீட்டு மாப்பிள்ளை இல்லயா?"

"அந்த ஹீரோவ அவரேவா எழுதினாரு?"

"பின்ன? கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாராம். பாவம்க்கா, எத்தன வருஷ உழைப்பு!"

அக்கா போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். உழைப்பு என்ற சொல் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. யோசனை அங்கேயே முடிந்துவிட்டது.

"பத்து போட்டா போதுமா?" என்றாள்.

"பத்தா! நிஜமாவாக்கா? நீ யாருக்குமே போட்டதில்லயே!"

"மாப்பிள்ளைக்குப் போடறேன்."

தங்கைக்கு அட்டையாட்டம் தெரியாது. தாளின் அடியிலுள்ள வரியை அவள் என்றைக்கும் படித்ததில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அந்த அழுகை அக்காவுக்கு ஒரு நிமிடம் உறுத்தியது. ஒரு நிமிடம்தான்.

மாப்பிள்ளைக்காவது புரிந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து, பத்துக்கு என்ன அர்த்தமென்று அவள் வாயாலேயே கேட்டவர்தானே. ஆனால் தன் பெயருக்கு நேரே பத்தைப் பார்த்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடிவரியைப் படிக்கக் கண் கீழே இறங்கவில்லை. 'கண்ணாடியக்கா முதல் முறையாகப் பத்து' என்று கம்பெனியே விளம்பரம் போட்டது. பழைய ஆட்டக்காரர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியீட்டு நாள் சனிக்கிழமை காலை. அட்டைக் கடையில் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி நடுவில் ஒன்றை மட்டும் போட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கம்பெனியின் மேலாளர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கை, புது உடையில். மாப்பிள்ளை இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

அட்டைக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அக்கா பத்து போட்ட அட்டைய அக்காவே ஆடிக் காட்டப் போறாங்க. எதிர்ல யாரு உக்காரறீங்க?"

"எழுதினவரே உக்காரட்டும்" என்றாள் அக்கா. "வாங்க மாப்பிள்ளை."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பழைய ஞாபகமெல்லாம் வருதுக்கா" என்றார். "எனக்கும்தான்" என்றாள்.

நான்காவது முறையில் அவள் முதல் படகோட்டியை இறக்கினாள். கூட்டத்தில் யாரோ, "இவன் இன்னும் உயிரோட இருக்கானா?" என்று சிரித்தார்கள். ஐந்தாவது முறையில் இரண்டாமவனை இறக்கி, முதலாமவனைக் கைக்கு எடுத்தாள். மாப்பிள்ளையின் கோட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

"கைக்கு ஒருத்தன் வந்தான். அரசி இவன சும்மாவே இறக்குறாங்க. சரிதானே மாப்பிள்ளை?"

"சரிதான்க்கா."

"இவன் இறங்கினதால அவன் கைக்கு வரான். இன்னொரு கல்லு. திரும்ப அரசி அவன இறக்குறாங்க. சரிதானே?"

அவர் குனிந்து அரசியின் விதியை மறுபடி படித்தார். அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொரு கல்லாக, லென்ஸைத் துடைக்கிற நிதானத்தோடு எடுத்து வைத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. பன்னிரண்டாவது கல்லில் மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினைந்தில் மேலாளர் அம்மா எழுந்து மேசைக்கு அருகில் வந்தார்.

"போதும்க்கா, புரிஞ்சுடுச்சு" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"இருங்க, இன்னும் பாதி இருக்கு. எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. எழுதினவங்க நீங்க, நீங்களே சொல்லுங்களேன், எங்க நிறுத்தணும்?"

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தானே சொல்வார்! முப்பதாவது கல் வரைக்கும் அவள் எடுத்தாள். அந்த முப்பதும் அவளுக்குத் தித்தித்தன. இல்லையென்று சொன்னால் அது பொய்.

பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, பதினாறாம் பக்கத்தைத் திறந்து, மேலாளர் அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள். கறுப்பு மையில் விதி. கீழே சிவப்பு மையில் அந்த ஒரு வரி, தேதியோடு. "இத நான் எழுதறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை நோட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வாங்கிட்டுப் போயிருந்தா, திருடினதும் ஒழுங்கா இருந்திருக்கும்."

மேலாளர் அம்மா இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. தங்கை எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

"இந்த ஒரு வரியச் சேத்தா அட்டை பொழச்சுக்கும்" என்றார் மேலாளர் அம்மா கடைசியில். "திருத்தி அச்சடிக்கறோம். உங்க பேரும் போட்டுடறோம். வெளியான அட்டையில ஏற்கெனவே இருக்கற பேரத்தான் எடுக்க முடியாது, அது கம்பெனி விதி. ரெண்டு பேர் பேரும் இருக்கும். சம்மதமா?"

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. சாவிக்காரி பிழைக்க ஒரு தலையசைப்பு போதும். ஊரெல்லாம் அவளை வைத்து ஆடுவார்கள். நோட்டின் ஓரத்தில் தான் வரைந்திருந்த கோணல்மாணல் படத்தைப் பார்த்தாள், இழுக்கிற காலும் சாவிக்கொத்துமாக. பிறகு எதிரில் பார்த்தாள். மாப்பிள்ளையின் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்திருந்தது. தப்பித்தோம் என்கிற வெளிச்சம்.

"அவர் பேரோட சேத்து என் பேரு வேண்டாம்" என்றாள். "அந்த வரி என்னோடது. அதையும் நான் தர மாட்டேன். தடை பண்ணிடுங்க."

திங்கட்கிழமை தடைப் பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான். மாப்பிள்ளையைக் கம்பெனி பெட்டி கட்டுகிற பிரிவுக்கு மாற்றியது. அம்மா அக்காவிடம் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள், "காகிதத்துக்குப் போயி" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் தங்கை கண்ணாடிக் கடைக்கு வந்தாள். கையில் மாப்பிள்ளையின் கண்ணாடி. பவர் கூடியிருந்தது.

"வேற கடையில போட்டா அவருக்குத் தலவலிக்குது" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா சீட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். இரண்டு பாகை சாய்த்தால் போதும், ஒரு வருடத்துக்குத் தலை தெறிக்கும். கல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் சுகமாக நின்றாள். அப்புறம் ஒரு இம்மி பிசகாமல் தேய்த்தாள். தடைப் பட்டியலை அந்த ஆள் தெளிவாகப் படிக்க வேண்டும், அடியிலுள்ள எறும்பு எழுத்து உட்பட.

தங்கை கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அந்த நோட்டுல இருக்கறது உன்னோடதுன்னு எனக்கு நிஜமாவே தெரியாதுக்கா" என்றாள். அக்கா, "சரி" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு காலையில் அக்கா சமையலறை மேசையைத் துடைத்தாள். தடை செய்த அட்டைகளைக் கம்பெனி திருப்பிக் கேட்டபோது ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள். கிரீடம் தெரியாதபடி அதன்மேல் ஜன்னலை ஒட்டி, விதிக்குக் கீழே சிவப்பு மையில் அந்த வரியை எழுதினாள். இரண்டு பக்கத்துக்கும் தானே சீட்டு போட்டு ஆடினாள். சாவிக்காரி பிரமாதமாக ஆடினாள். ஒருவரை உள்ளே விட்டு ஒருவரை வெளியே அனுப்பி, ஒரு முறைக்கு ஒரே தடவை கதவைத் திறந்து, அளவாக, அழகாக. ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து மார்க் போட்டிருந்தால் ஒன்பது.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. இவளுக்கு ஈடு கொடுத்து ஆடத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான், படுபாவி. அவன் சீட்டையும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கோட்டையில் ஒரு கல்லைப் பெயர்த்தாள்.